வென்றவர்களின் அறுவடை

‘கேட்சிங் ஃபயர்’ அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸின் ‘ஹங்கர் கேம்ஸ்’ வரிசையில் இரண்டாவது நாவல். முதல் நூல் 2008 செப்டம்பரில் வந்தது. இது ஓராண்டு கழித்து, 2009 செப்டம்பர் 1 அன்று வெளியானது. மூன்றாவதான ‘மாக்கிங்ஜே’ 2010 ஆகஸ்டில் வந்து கதையை முடித்தது. பதின்பருவத்தினருக்கென்று எழுதப்பட்டு, அவர்களுடைய பெற்றோரும் இரவல் வாங்கிப் படித்த நூல்கள் இவை. உலகம் முழுவதும் 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற இந்த வரிசையில் எது சிறந்தது என்ற பேச்சு எழும்போதெல்லாம் நடுப்பாகத்தின் பக்கம் நிற்க ஒரு கூட்டம் உண்டு. இரண்டாம் பாகங்களுக்கு வழக்கமாகக் கிடைக்காத மரியாதை அது.

நாளைய உலகம் இன்றையதைவிட மோசமாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு எழுதும் கதையை டிஸ்டோபியா என்கிறார்கள். இந்த வகைக் கதைகளில் முதல் பாகத்தின் முக்கியச் சொத்து அதன் உலகம்தான். யார் ஆள்கிறார்கள், எதற்குத் தடை, எது மிச்சம், எதைத் தின்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகத் தெரியவருவதே பாதிச் சுவை. இரண்டாம் பாகத்துக்கு அந்தச் சொத்து இல்லை. வீட்டை ஒருமுறை சுற்றிக் காட்டியாகிவிட்டது. மறுபடி வருபவருக்கு எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று தெரியும். ஆகவே பலர் வீட்டை விட்டு வெளியே கூட்டிப்போய்விடுகிறார்கள். ஜான் கிறிஸ்டோபர் 1967-இல் எழுதிய ‘தி சிட்டி ஆஃப் கோல்ட் அண்ட் லெட்’, எதிரியின் நகரத்துக்குள் நாயகனை நுழைத்தது. ஜேம்ஸ் டாஷ்னரின் ‘தி ஸ்கார்ச் ட்ரயல்ஸ்’ (2010) புதிர்ப்பாதையிலிருந்து தப்பியவர்களைச் சுட்டெரிக்கும் பாலைவனத்தில் இறக்கிவிட்டது. காலின்ஸ் செய்தது துணிச்சலானது. நாயகியை அவள் தப்பிவந்த அதே கொலைக்களத்துக்குத் திருப்பி அனுப்பினார்.

முதல் நூலைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: வட அமெரிக்கா சிதைந்த பின் எழுந்த நாடு பேனெம். மலைகளுக்கு நடுவே கேப்பிட்டல் என்னும் பகட்டான தலைநகர். அதற்கு உழைத்துப் போடும் 12 மாவட்டங்கள். முன்பொரு காலத்தில் மாவட்டங்கள் கிளர்ந்தெழுந்து தோற்றன. அதற்குத் தண்டனையாக ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டமும் 12 முதல் 18 வயதுக்குள் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் அனுப்ப வேண்டும். குலுக்கிப் பெயர் எடுக்கும் நாளுக்கு ‘அறுவடை’ என்று பெயர். 24 பேரையும் ஓர் அரங்கத்தில் அடைத்துவிட்டு, ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை அவர்கள் ஒருவரையொருவர் கொல்வதை நாடே நேரலையில் பார்க்கிறது. பார்ப்பது கட்டாயம். நிலக்கரி வெட்டும் 12ஆம் மாவட்டத்துப் பெண் கேட்னிஸ் எவர்டீன், வயது 16. தங்கையின் பெயர் வந்ததும் தானே முன்வந்து போகிறாள். கடைசியில் அவளும் சொந்த மாவட்டத்துப் பையன் பீட்டாவும் மட்டும் மிஞ்சும்போது, ஒருவர் சாக வேண்டும் என்கிறது விதி. இருவரும் கைநிறைய விஷப்பழங்களை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகிறார்கள். வெற்றியாளரே இல்லாத போட்டியைவிட இரண்டு வெற்றியாளர்கள் மேல் என்று கேப்பிட்டல் அவசரமாகப் பணிகிறது.

காலின்ஸ் இதற்கான பொறியை எங்கே கண்டார் என்பதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். இரவில் தொலைக்காட்சிச் சேனல்களை மாற்றிக்கொண்டிருந்தபோது, ஒன்றில் இளைஞர்கள் போட்டியிடும் ரியாலிட்டி ஷோ, இன்னொன்றில் ஈராக் போர்க்காட்சி. தூக்கக் கலக்கத்தில் இரண்டும் ஒன்றோடொன்று குழம்பின. அடியில் இருந்த கதை பழையது: ஏதென்ஸ் நகரம் தன் பிள்ளைகளில் ஏழு பையன்களையும் ஏழு பெண்களையும் கிரீட் தீவின் எருதுத்தலை அரக்கனுக்கு அனுப்பிவைத்த தீசியஸ் புராணம். (வீட்டுக்கொருவராக முறைவைத்துப் பகாசுரனுக்கு வண்டிச் சோற்றோடு ஆளையும் அனுப்பிய ஏகசக்கரபுரத்துக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.) தொடர்ச்சி எப்படிப் போக வேண்டும் என்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட வழிகாட்டி வேறு: கி.மு. 73-இல் கப்புவா நகரத்து வாள்வீரர் கூடத்திலிருந்து தப்பி ரோமையே நடுங்கவைத்த ஸ்பார்டகஸ். அடிமை, அரங்க வீரன், கலகக்காரன், போரின் முகம் என்று போகும் அந்த வாழ்க்கையில் அரங்க வீரன் கலகக்காரனாக மாறும் கட்டம் இரண்டாம் நாவலின் பங்கு. இந்நூலில் அறிமுகமாகும் தலைமைப் போட்டி வடிவமைப்பாளரின் பெயர் பிளூட்டார்க். ஸ்பார்டகஸைப் பற்றி இன்று தெரிந்தவற்றில் கணிசமான பகுதியை எழுதிவைத்தவரும் ஒரு பிளூட்டார்க்தான். காலின்ஸ் பெயர்களைச் சும்மா வைப்பதில்லை.

நாவல் வெற்றி விழாவில் தொடங்கவில்லை. குளிர்காலத்து விடியலில், காட்டில், ஆறிப்போன தேநீர்க் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்னிஸ் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். ஜெயித்து ஆறு மாதம் ஆகிறது. பெரிய வீடு, தீராத பணம், பசியில்லாத தங்கை. வேட்டையாட வேண்டிய தேவையே இல்லாதவள் வேட்டைக்கு வருகிறாள், ஏனென்றால் வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அன்று வீடு திரும்பும்போது, அதிபர் ஸ்நோ அவளுடைய வாசிப்பறையில் காத்திருக்கிறார். ரோஜா வாசனையும் ரத்த வாடையும் கலந்து அடிக்கும் அந்த மெலிந்த மனிதர் கத்தவில்லை, மிரட்டவில்லை, விளக்குகிறார். விஷப்பழத்தைப் பார்த்த கேப்பிட்டல் மக்கள் காதல் என்று நம்பிக் கண்ணீர் விட்டார்கள். மாவட்டங்களில் சிலர் அதை அரசை எதிர்த்த செயலாக எடுத்துக்கொண்டார்கள். காதல்தான் என்று எல்லோரையும் நம்பவைப்பது இனி அவள் பொறுப்பு. தவறினால் அவளுக்கு வேண்டியவர்கள் இருக்க மாட்டார்கள்.

இரண்டாம் பாகத்தின் வேலை முழுவதும் இந்த ஓர் உரையாடலில் இருக்கிறது. முதல் நூலின் உச்சக்காட்சியை இது தொடவில்லை, மாற்றவும் இல்லை. அதற்கு வேறு கணக்கு எழுதுகிறது. அங்கே வரவில் வைத்தது இங்கே கடனாகிவிட்டது. பழத்தை எடுத்த அந்தக் கணத்தில் அவள் மனத்தில் இருந்தது காதலா, கோபமா, உயிர்மேல் ஆசையா? முதல் நூலை மூடியபோது இந்தக் கேள்வி வாசகருக்கு எழுந்திருக்க வேண்டியதில்லை. இப்போது எழுகிறது. கேட்னிஸுக்கும் பதில் தெரியவில்லை.

வெற்றிச் சுற்றுப்பயணம் அந்தக் கடனின் முதல் தவணை. இரண்டு போட்டிகளுக்கு நடுவே, ஏறக்குறைய சரிபாதியில் அதை வைத்திருக்கிறார்கள். பயம் ஆறிப்போகாமல் இருக்க வேண்டுமல்லவா. முதல் நிறுத்தம் 11ஆம் மாவட்டம். வயலும் தோப்புமான அந்த ஊரிலிருந்து போட்டிக்கு வந்தவள் ரூ என்னும் 12 வயதுச் சிறுமி. கேட்னிஸ் அவளுக்குத் தோழியாயிருந்து, இறந்தபின் உடலைப் பூக்களால் மூடிவிட்டு வந்தவள். மேடைக்கு எதிரே, இறந்த இரு பிள்ளைகளின் குடும்பங்கள் நிற்கின்றன. பீட்டா எழுதிவைத்த பேச்சை விட்டுவிட்டு, ஆண்டுதோறும் தங்கள் பரிசுப் பணத்தில் ஒரு மாதத் தொகையை அந்தக் குடும்பங்களுக்குத் தருவதாகச் சொல்கிறான். கேட்னிஸ் ரூவுக்காக நான்கு வார்த்தை தட்டுத்தடுமாறிப் பேசுகிறாள். கூட்டத்தில் ஒரு கிழவர், வெளுத்த சிவப்புச் சட்டைக்காரர், சீழ்க்கை அடிக்கிறார். நான்கு ஸ்வரம்தான். தோப்பில் வேலை முடிந்தது என்று ரூ மரத்துக்கு மரம் சொல்லியனுப்பிய மெட்டு அது. அது முடிந்ததும் கூட்டம் முழுவதும், சொல்லிவைத்தாற்போல, இடது கையின் நடு மூன்று விரல்களை உதட்டில் வைத்து அவளை நோக்கி நீட்டுகிறது. மறந்துவிட்டுப்போன பூங்கொத்தை எடுக்கக் கேட்னிஸ் திரும்பி வருகிறாள். கிழவரைப் படிக்கட்டின் மேலே இழுத்துவந்து மண்டியிடவைத்துத் தலையில் சுடுகிறார்கள்.

அந்தச் சைகை முதல் நூலிலும் உண்டு. 12ஆம் மாவட்டத்தில் சாவு வீடுகளில் எப்போதாவது காணப்படும் பழைய வழக்கம். மரியாதை, நன்றி, பிரிவு இவற்றைச் சொல்வது. இரண்டாம் நூலில் அதே மூன்று விரல்கள் வேறொரு மாவட்டத்தின் கைகளில் வேறொன்றாகிவிடுகின்றன. ஒரு குறியின் பொருளை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைக் காலின்ஸ் ஒரு வரிகூட விளக்கவில்லை. கிழவரின் சட்டை நிறத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

பயணம் முடியும் இடம் கேப்பிட்டல். தொலைக்காட்சி மேடையில் பீட்டா கேட்னிஸிடம் திருமணத்துக்குச் சம்மதம் கேட்கிறான், அரங்கம் ஆர்ப்பரிக்கிறது, வாழ்த்த வந்த ஸ்நோவைக் கேட்னிஸ் கண்ணாலேயே கேட்கிறாள், போதுமா என்று. அவர் தலையை மெல்ல அசைக்கிறார், போதாது. அன்றிரவு அதிபர் மாளிகை விருந்தில், வயிறு நிறைந்தவர்கள் இன்னும் தின்பதற்காக வாந்தியெடுக்கவைக்கும் பானம் சின்னக் கிண்ணங்களில் காத்திருக்கிறது. பட்டினியில் வளர்ந்த இருவரும் அதைப் பார்த்தபடி நிற்கிறார்கள். பிளூட்டார்க் அவளோடு ஆடுகிறார். விடைபெறும்போது சட்டைப்பையிலிருந்து தங்கக் கடிகாரத்தை எடுக்கிறார். கண்ணாடியின் மேல் கட்டைவிரலை ஓட்டியதும் மாக்கிங்ஜே பறவையின் உருவம் ஒளிர்ந்து மறைகிறது. தனக்கு ஒரு கூட்டம் இருக்கிறது, நள்ளிரவில் தொடங்கும் என்கிறார். இது என்ன பகட்டு என்று கேட்னிஸ் நினைத்துக்கொள்கிறாள். முதல் முறை படிக்கிறவரும் அப்படியே நினைத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார்.

இதற்குப் பிறகு வரும் பகுதியில்தான் நாவல் தொய்கிறது, மறைப்பதற்கில்லை. ஊருக்குப் புதிய காவல் தலைவன் வருகிறான், கேட்னிஸின் வேட்டைத் தோழன் கேலை நடுத்தெருவில் சாட்டையால் அடிக்கிறார்கள், மின்வேலியில் உண்மையாகவே மின்சாரம் ஓடுகிறது, கேட்னிஸ் கீழே விழுந்து காலில் அடிபட்டுப் படுக்கிறாள். தனித்தனியாகப் பார்த்தால் நல்ல காட்சிகள். ஆனால் கிளர்ச்சி வேறெங்கோ நடக்கிறது. கதை சொல்பவளோ வேலிக்கு உள்ளே இருக்கிறாள். 8ஆம் மாவட்டத்தில் மக்கள் கொந்தளிக்கிறார்கள் என்பதே மேயர் வீட்டுத் தொலைக்காட்சியில் அவள் தற்செயலாகப் பார்த்துத் தெரிந்துகொண்டது. முழுக் கதையையும் அவளே, தன்மையில், நிகழ்காலத்தில் சொல்லிக்கொண்டு போவதற்குக் கொடுக்கும் விலை இது. முதல் நூலில் அரங்கத்துக்குள் அடைபட்டிருந்தபோது அந்த முறை மூச்சுத் திணறவைத்தது. சமையலறையில் கால் நீட்டிப் படுத்திருக்கும்போது அதே முறை வாசகரையும் படுக்கையில் கிடத்திவிடுகிறது.

அந்தத் தொய்விலும் ஒரு காட்சி தனித்து நிற்கும். காட்டு ஏரிக்கரையிலுள்ள பழைய வீட்டில், 8ஆம் மாவட்டத்திலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்களைக் கேட்னிஸ் சந்திக்கிறாள். வில்லை நாண் ஏற்றிப் பிடித்திருக்கிறாள். அவர்களில் மூத்தவள் உள்ளங்கையைத் திறந்து காட்டுகிறாள்: ஒரு சின்ன வட்ட ரொட்டி, ஈரமாகிப்போனது, நடுவில் ஒரு பறவை அச்சு. போட்டியின்போது கேட்னிஸ் சட்டையில் குத்தியிருந்த மாக்கிங்ஜே. தான் போட்டுக்கொண்ட ஊக்கு எப்போது, எந்த அடுப்பில், யார் கையால் ரொட்டியின் மேல் ஏறியது என்று அவளுக்குத் தெரியாது. அழிந்துபோனதாகச் சொல்லப்படும் 13ஆம் மாவட்டத்துக்குப் போவதாக அவர்கள் சொல்கிறார்கள். அந்த மாவட்டத்தின் புகையும் இடிபாடுகளை அரசுத் தொலைக்காட்சி எத்தனை முறை காட்டினாலும், வலது மேல் மூலையில் ஒரு மாக்கிங்ஜேயின் சிறகு பளிச்சென்று அடித்துப் போகிறதாம். எப்போதும் அதே சிறகு. பழைய படத்தையே மறுபடி மறுபடி ஒட்டுகிறார்கள். பிறகு வீட்டில் தொலைக்காட்சியைப் பார்க்கும்போது கேட்னிஸ் மூலையில் மட்டும் கண்ணை வைத்திருக்கிறாள். சிறகு வருகிறது.

பாதியை நெருங்கும்போது நாவல் நிமிர்ந்து உட்காருகிறது. போட்டியின் 75ஆவது ஆண்டு அது. 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை விதியில் விசேஷக் கொடுமை ஒன்று சேரும். 25ஆவது ஆண்டில் யாரைச் சாவுக்கு அனுப்புவது என்று மாவட்டத்தார் தாங்களே வாக்களிக்க வேண்டியிருந்தது. 50ஆவது ஆண்டில் இரட்டிப்புப் பிள்ளைகள். இந்த முறை, வெள்ளை உடைச் சிறுவன் ஒருவன் நீட்டும் மரப்பெட்டியிலிருந்து ஸ்நோ ஓர் உறையை எடுத்துப் படிக்கிறார்: ஏற்கனவே ஜெயித்தவர்களிலிருந்தே இந்த ஆண்டுக்கான பலியாட்கள் அறுவடை செய்யப்படுவார்கள். 12ஆம் மாவட்டத்தில் உயிரோடிருக்கும் ஒரே பெண் வெற்றியாளர் கேட்னிஸ். குலுக்கலே தேவையில்லை.

இந்த அட்டையைப் படிக்கும் வாசகர் மனத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். திகைப்பு, பரிதாபம், ஸ்நோவின் மேல் ஆத்திரம் எல்லாம் வரும். கூடவே, ஒப்புக்கொள்ள மனம் வராத இன்னொன்றும் வரும்: அப்பாடா, போட்டி தொடங்கப்போகிறது. நூற்றைம்பது பக்கங்களுக்கு மேல் காத்திருந்தது இதற்குத்தானே. இரண்டாம் பாகத்தை வாங்கியதே மறுபடியும் அரங்கம் வேண்டும் என்றுதான். கேப்பிட்டல்காரர்கள் ஆண்டுதோறும் கேட்பதும் அதுதான். அட்டை படிக்கப்படுவதற்குச் சற்று முன், கேட்னிஸின் மணக்கோல உடைகளைத் தொலைக்காட்சியில் காட்டி, எது வேண்டும் என்று கேப்பிட்டல் மக்களிடம் வாக்குக் கேட்டிருக்கிறார்கள். இந்த நாவல்கள் வெளிவந்த காலத்தில் வெளியுலகில் வாசகர்கள் ‘டீம் பீட்டா’, ‘டீம் கேல்’ என்று கட்சி பிரிந்து அவள் யாரைக் கட்டிக்கொள்ள வேண்டுமென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். காலின்ஸ் அதை எதிர்பார்த்து எழுதினாரோ இல்லையோ, புத்தகம் அவர்களைச் சரியான இருக்கையில் உட்காரவைத்துவிட்டது.

ஒவ்வொரு நூலும் மூன்று பகுதி, பகுதிக்கு ஒன்பதாக மொத்தம் 27 அத்தியாயம். குழந்தைகள் தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதிப் பழகிய கையின் அளவு அது. இந்நூலில் அரங்கம் மூன்றாம் பகுதிக்குத்தான் வருகிறது. முதல் நூலைவிடக் குறைந்த இடத்தில் போட்டியை முடிக்க வேண்டும், முன்பு பார்த்ததையே திரும்பக் காட்டவும் கூடாது. ஆட்களை மாற்றியது ஒரு வழி. அன்று நின்றவர்கள் பிள்ளைகள். இன்று நிற்பவர்களில் போதைக்கு அடிமையானவர்கள், குடிகாரர்கள், 80 வயது மூதாட்டி மேக்ஸ், அவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடும் அழகன் ஃபின்னிக். ஜெயித்த பின்னான வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதற்கு இருபத்துச் சொச்சம் சாட்சிகள். போட்டிக்கு முந்தைய இரவு நேர்காணலில் அவர்கள் எல்லோரும் கைகோத்து வரிசையாக நிற்கிறார்கள். ஒளிபரப்பைத் துண்டிப்பதற்குள் நாடு அதைப் பார்த்துவிடுகிறது.

இன்னொரு வழி, அரங்கத்தின் வடிவம். வட்டமான உப்புநீர்ப் பரப்பு, நடுவே தீவு, சுற்றிலும் புழுங்கும் காடு. நல்ல தண்ணீர் எங்குமில்லை. நாக்கு வறண்டு கிடக்கும்போது வெள்ளிக் குடையில் தொங்கியபடி ஒரு பரிசு இறங்குகிறது: உலோகக் குழாய், ஒரு முனை கூம்பு, மறுமுனையில் வளைந்த சின்ன மூக்கு. கையில் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். பீட்டா ஊதிப் பார்க்கிறான். ஃபின்னிக் விரலில் மாட்டிப் பார்க்கிறான். யாருக்கும் தெரியவில்லை. நீண்ட நேரம் கழித்துக் கேட்னிஸுக்கு ஊர்க் காட்டு நினைவொன்று வருகிறது. மரத்தில் செருகிப் பால் வடிக்கும் குழாய் அது. அடிமரத்தைக் குடைந்து குழாயைச் செருகுகிறார்கள். ஒரு சொட்டு மேக்ஸின் கையில் விழுகிறது. பிறகு நூலாக ஒழுகுகிறது, வெதுவெதுப்பான தண்ணீர். இந்தச் சில பக்கங்களில் யாரும் யாரையும் கொல்லவில்லை. நூலின் ஆகச் சிறந்த பக்கங்களில் இவையும் சேரும்.

அரங்கத்தின் ரகசியத்தை முதலில் கண்டுபிடிப்பவர் வயர்ஸ் என்னும் பெண். அரைகுறையாகப் பேசும் வழக்கம் உள்ளவர். அதிர்ச்சியில் அதுவும் போய், டிக், டாக் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் புத்தி பேதலித்துவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். அரங்கம் ஒரு கடிகாரம். 12 துண்டுகள், ஒவ்வொரு மணிக்கும் ஒரு துண்டில் ஒரு பயங்கரம்: 12-க்கு மின்னல், 1-க்கு ரத்த மழை, 2-க்கு நச்சு மூடுபனி, 3-க்குக் குரங்குகள், 4-க்கு அன்புக்குரியவர்களின் அலறலை அப்படியே எழுப்பும் பறவைகள். பிளூட்டார்க்கின் கடிகாரம் நினைவுக்கு வந்து, வாசகர் விரலை வைத்துக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்ப்பது இந்த இடத்தில்தான்.

நூலை முடித்துவிட்டு மறுபடி எடுப்பவருக்கு இது வேறு நாவல். முதல் வாசிப்பில் விளங்காத ஒன்று: இந்தக் கொலைகாரர்கள் ஏன் கேட்னிஸுக்காகவும் பீட்டாவுக்காகவும் சாகிறார்கள்? நச்சு மூடுபனி துரத்தும்போது இருவரைச் சுமக்க ஆளில்லை என்று தெரிந்ததும் மேக்ஸ் ஃபின்னிக்கை முத்தமிட்டுவிட்டு மூடுபனிக்குள் தானே நடந்துபோகிறார். குரங்கு பீட்டாவின் மேல் பாயும்போது, மார்ஃப்லிங் என்னும் போதை மருந்துக்கு அடிமையான 6ஆம் மாவட்டத்துப் பெண், யாரென்றே தெரியாதவள், குறுக்கே விழுந்து கடியை வாங்கிக்கொள்கிறாள். பீட்டா அவளைத் தண்ணீருக்குத் தூக்கிச் சென்று, வண்ணங்களைப் பற்றி, வானவில்லைப் பிடிக்க முடியாததைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான். அவள் தன் ரத்தத்தில் விரலைத் தோய்த்து அவன் கன்னத்தில் ஒரு பூ வரைகிறாள். கேட்னிஸ் இதையெல்லாம் பார்க்கிறாள், வியக்கிறாள், தவறாகப் புரிந்துகொள்கிறாள். எதிரி யார் என்று கணக்குப் போட்டபடியே இருக்கிறாள். போட்டியாளர்களில் பாதிப் பேர் சதியில் இருந்தார்கள். அவளைத் தப்புவிப்பதே திட்டம். அவளுக்கு மட்டும் சொல்லப்படவில்லை. குடையில் இறங்கிய ரொட்டிகூடச் செய்திதான்: 3ஆம் மாவட்டத்து ரொட்டி என்றால் மூன்றாம் நாள், எண்ணிக்கை 24 என்றால் நள்ளிரவு. ஆளுக்கு எத்தனை என்று அவர்கள் ரொட்டியைப் பங்கிட்டுக்கொண்டிருந்ததை வாசகரும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மின்னல் இறங்கும் கணத்தில், கம்பி சுற்றிய அம்பைக் கேட்னிஸ் வானத்தை நோக்கி எய்கிறாள். அரங்கத்தின் கூரை கிழிகிறது. கண் விழிக்கும்போது மீட்பு விமானத்தில் இருக்கிறாள். பீட்டா கேப்பிட்டலின் பிடியில். எல்லாம் தெரிந்தும் மறைத்த வழிகாட்டி ஹேமிச்சின் முகத்தை நகத்தால் கீறுகிறாள். கடைசி வரியில் கேல் வந்து, 12ஆம் மாவட்டம் இப்போது இல்லை என்கிறான். அவ்வளவுதான். 2009-இல் படித்தவர்கள் அடுத்த ஆகஸ்ட் வரை அந்த வரியோடு இருக்க வேண்டியிருந்தது. இன்று மூன்றையும் ஒரே கட்டாக வாங்குபவர் இரண்டு நொடியில் அடுத்த நூலைத் திறந்துவிடுவார். அந்தக் காத்திருப்பும் நூலின் ஒரு பகுதியாயிருந்தது. அதை யாரும் இனி அச்சிட்டுத் தர முடியாது.

பிரான்சிஸ் லாரன்ஸ் இயக்கிய திரைப்படம் 2013 நவம்பரில் வந்தது. படம் நாயகியின் தலைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்பதால், ஸ்நோவும் பிளூட்டார்க்கும் அவளை என்ன செய்வதென்று தனியே பேசும் காட்சிகளைச் சேர்த்தார்கள். தொய்வு போய்விட்டது. ரொட்டிக்காரப் பெண்கள் இருவரையும் எடுத்துவிட்டார்கள். அவர்களோடு உள்ளங்கைப் பறவையும் போயிற்று.

படத்தின் வழியாகவே அந்த மூன்று விரல்கள் கதையை விட்டு வெளியே நடந்தன. 2014 மே மாதம் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், எதிர்ப்பாளர்கள் தெருவில் விரல்களை உயர்த்தினார்கள். அவ்வாண்டு நவம்பரில் கோன் கேன் நகரில் பிரதமர் பிரயுத் பேசிக்கொண்டிருந்தபோது எதிரே நின்று அதைச் செய்த மாணவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் வந்தபோது முதலில் மருத்துவமனை ஊழியர்கள், பிறகு ஊரே. அம்மாதம் 26 அன்று ஐ.நா. பொதுச்சபையில் பேசிய மியான்மர் தூதர் க்யாவ் மோ துன், தன் நாட்டு ராணுவத்தைக் கண்டித்துவிட்டு மூன்று விரல்களை உயர்த்தினார். தெருவில் உயர்ந்தவை பெரும்பாலும் வலக்கைகள். நாவலில் அது இடக்கை. இடக்கை வலக்கையானதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சீழ்க்கை அடித்த கிழவரைக் கேட்டாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

முதல் மூன்று நூல்களோடு கதை நின்றுவிடவும் இல்லை. ஸ்நோவின் இளமையைச் சொல்லும் நாவல் 2020-இல் வந்தது. 2025 மார்ச்சில் வந்த ‘சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்’ 50ஆவது போட்டியையும் அதில் ஜெயித்த ஹேமிச்சையும் பற்றியது. அந்தப் போட்டியின் ஒளிநாடாவை ‘கேட்சிங் ஃபயர்’ நூலில் கேட்னிஸும் பீட்டாவும் ரயிலில் உட்கார்ந்து பார்க்கும் அத்தியாயம் ஒன்று உண்டு. குடிகாரராகவே பார்த்துப் பழகிய மனிதர் அதில் 16 வயதுத் துடுக்குப் பையன். மலை விளிம்பில் கல்லை எறிகிறான், அது திரும்பி வருகிறது. கடைசியில் அவன் மேல் வீசிய கோடாலியும் அப்படியே திரும்பி, வீசியவளைக் கொல்கிறது. பதினாறு ஆண்டுகளாக வாசகர்கள் அதை நடந்தது என்றே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாடா கேப்பிட்டல் வெட்டி ஒட்டியது என்று புதிய நாவல் காட்டுகிறது. ஹேமிச் அரங்கத்தையே உடைக்க முயன்றது எதுவும் அதில் இல்லை. மூலையில் அடிக்கும் சிறகைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டவர்கள், அதே நூலில், அதே வகைப் படம் ஒன்றைச் சந்தேகமில்லாமல் பார்த்துவிட்டார்கள்.

அந்த 50ஆவது ஆண்டில் 12ஆம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிகளாக வந்தவர்கள் இருவர் என்பதும் புதிய நாவலில் தெரியவருகிறது: ஒருவர் மேக்ஸ், மற்றவர் வயர்ஸ். ‘கேட்சிங் ஃபயர்’ கதையில் மேக்ஸ் மூடுபனிக்குள் நடந்துபோகிறார். மறுநாள் கடற்கரையில் வயர்ஸின் கழுத்து அறுபடுகிறது, அவர் பாடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் நிற்கிறது. கேட்னிஸுக்கு இருவரும் சில நாள் பழக்கம். ஹேமிச் அப்போது கேப்பிட்டலில், திரைக்கு முன்னால் உட்கார்ந்து, அடுத்த குடையில் எத்தனை ரொட்டி அனுப்ப வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.